பிரிவு 13, பிரிவு 24

என் மகள் கிண்டர்கார்டன் சேர்ந்த மூன்றாவது வாரம். இரவுச் சாப்பாட்டில், "அப்பா, இன்னைக்கு கிளாஸ்ல எல்லாரும் ஒரு மூலைல சத்தமே போடாம உட்கார்ந்திருந்தோம். நான்தான் ரொம்ப நல்லா உட்கார்ந்தேன்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள். ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பிறகு அவள் பாடம்போல ஒப்பித்தாள். கதவைப் பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாதே. மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அப்போது டென்வருக்குத் தெற்கே ஒரு புறநகரில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் மலை, காரில் இருபது நிமிடத்தில் இந்தியக் கடை, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி. ஒரு எச்1பி குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்? அந்த மூன்று கட்டளைகள் எங்கிருந்து வந்தன என்று அன்றிரவே தேடினேன். கொலராடோவின் பெய்லி என்ற மலையூரில் 2006இல் ஒருவன் துப்பாக்கியோடு பள்ளிக்குள் நுழைந்து மாணவிகளைப் பிணை பிடித்தான். கொல்லப்படுவதற்கு முன் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, உங்களை நேசிக்கிறேன் என்று பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். அந்தச் செய்தியையே பெயராக வைத்து அவள் பெற்றோர் ஆரம்பித்த அறக்கட்டளை உருவாக்கிய பயிற்சிமுறைதான் இது. அதைத்தான் என் ஐந்து வயது மகள் நன்றாகச் செய்து பாராட்டு வாங்கியிருக்கிறாள்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். அவரிடம் இதைச் சொன்னபோது ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "உன் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதினாயா?" என்று கேட்டார். எனக்கு ஓட்டுரிமை இல்லை என்றேன். "ஓட்டு கேட்டா எழுதச் சொன்னேன்? நீ இங்கேதானே குடியிருக்கிறாய்?" என்றார்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "நமக்கெதுக்குங்க இதெல்லாம்? க்ரீன் கார்டு வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு இருப்போம்." அவள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை ஆசிரியை வாசித்தார். இலக்கணம் எல்லாம் சரிதான் என்றார். பிறகு, "இதில் ஏன் இப்படிக் கெஞ்சுகிறாய்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நான் எழுதியது ஆங்கிலத்தில் என் அப்பாவின் மனு. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாயிலிருந்து ரேஷன் கார்டு வரை எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுத்தவர் அப்பா. உயர்திரு ஐயா அவர்கள் சமூகத்திற்கு என்று தொடங்கும். தாழ்மையுடன், கருணைகூர்ந்து, ஆவன செய்யுமாறு என்று போகும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் அந்தத் தாளோடு நிற்பார்கள். எனக்குத் தெரிந்த மனுவின் மொழி அது ஒன்றுதான். மேலே இருப்பவரிடம் கீழே இருப்பவர் பேசும் மொழி.

வேறு மாதிரி எப்படி எழுதுவது என்று பார்க்கத்தான் இந்த மாநிலத்தின் பழைய கதைகளைத் தோண்ட ஆரம்பித்தேன்.

*

கொலராடோ 1876இல் மாநிலமானது. அந்த ஆண்டு எழுதப்பட்ட அரசியல் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதில் உரிமைகளைப் பட்டியலிடும் இரண்டாம் அத்தியாயத்தின் 13ஆம் பிரிவு, வீட்டையும் உயிரையும் உடைமையையும் காக்க ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்கிறது. மறைத்து எடுத்துச் செல்வதற்கு இந்த உரிமை பொருந்தாது என்று அதே வாக்கியத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு. சுரங்கங்களும் சாராயக்கடைகளும் நிறைந்த ஊர்களை அறிந்தவர்கள் எழுதிய நிபந்தனை.

அதே அத்தியாயத்தில் பதினோரு பிரிவுகள் தள்ளி 24ஆம் பிரிவு. பொது நன்மைக்காக அமைதியாகக் கூடவும், அதிகாரம் ஒப்படைக்கப்பட்டவர்களிடம் மனு மூலமாகவோ ஆட்சேபம் மூலமாகவோ குறைதீர்ப்புக் கேட்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்கிறது. இரண்டு சொற்களில் நான் நின்றுவிட்டேன். ஒன்று, 'மக்கள்'. வாக்காளர் என்று இல்லை. இன்னொன்று, 'ஒப்படைக்கப்பட்டவர்கள்'. அதிகாரம் அவர்களுடையது அல்ல, அவர்களிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். கொடுத்து வைத்த பொருளைப் பற்றி விசாரிக்க யாரும் தாழ்மையுடன் போவதில்லை.

துப்பாக்கியும் கடிதமும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்து உரிமைகள். அமெரிக்க அரசியல் சட்டத்திலும் அப்படித்தான். முதல் திருத்தத்தில் மனு, இரண்டாம் திருத்தத்தில் ஆயுதம்.

*

கடிதத்தை முதலில் கைவசப்படுத்தியவர்கள் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டவர்கள் அல்ல, அதை எதிர்த்தவர்கள். மதுவிலக்குக் காலத்துக் கும்பல் கொலைகளுக்குப் பிறகு, 1934இல் ரூஸ்வெல்ட் அரசு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் வரைவில் இயந்திரத் துப்பாக்கிகளோடு கைத்துப்பாக்கிகளும் இருந்தன. தேசிய ரைஃபிள் சங்கமான என்.ஆர்.ஏ. தன் உறுப்பினர்களுக்கு அவசரச் செய்தி அனுப்பியது. தந்திகளும் கடிதங்களும் வாஷிங்டனில் குவிந்தன. கைத்துப்பாக்கி மசோதாவிலிருந்து வெளியே போனது. இயந்திரத் துப்பாக்கிக்கும் குழலைக் குட்டையாக வெட்டிய துப்பாக்கிக்கும் 200 டாலர் வரி என்ற அளவில் சட்டம் நின்றது. அதே ஆண்டு அந்தச் சங்கம் சட்ட விவகாரங்களுக்கென ஒரு பிரிவையே தொடங்கியது. எந்த மசோதா எங்கே வருகிறது என்று உறுப்பினர்களுக்குத் தெரிவிப்பது அதன் வேலை. எழுத வேண்டியதை அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

சாஃப்ட்வேர்காரனாக எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் ஒரு மரியாதை வந்தது. பணம்தான் என்.ஆர்.ஏ.வின் பலம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பணமும் உண்டுதான். ஆனால் மனசு மாறாமல், வருஷா வருஷம், ஒரு அறிவிப்பு வந்த மறுநாளே பேனாவை எடுக்கும் ஆட்கள் அவர்களிடம் இருந்தார்கள். மறுபக்கம் இருந்தவர்கள் ஒரு படுகொலை நடந்த பிறகு ஒரு மாதம் எழுதினார்கள், பிறகு ஓய்ந்தார்கள்.

ஓயாமல் இருந்தவர்களைத் தேடியபோதுதான் டாம் மவுசர் கிடைத்தார்.

*

1999 ஏப்ரல் 20. கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் சுட்டதில் அன்று 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவன் 15 வயது டேனியல் மவுசர், டாமின் மகன். பள்ளியின் விவாதக் குழுவில் இருந்தவன். அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்தான், துப்பாக்கி வாங்குவோரைச் சோதிக்கும் பிரேடி சட்டத்தில் ஓட்டைகள் இருப்பது தெரியுமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறான். அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஓட்டை இதுதான். 1993இல் வந்த பிரேடி சட்டப்படி, உரிமம் பெற்ற வியாபாரி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும். உரிமம் இல்லாத தனியார் விற்றால் சோதனை கிடையாது. கொலம்பைனில் பயன்பட்ட நான்கு துப்பாக்கிகளில் மூன்றை, கொலையாளிகளின் 18 வயதுத் தோழி ஒருத்தி டென்வர் பக்கத்துத் துப்பாக்கிச் சந்தையில் தனியாரிடம் வாங்கிக் கொடுத்திருந்தாள். பின்னணிச் சோதனை இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று பின்னாளில் அவளே கொலராடோ சட்டமன்றக் குழுவிடம் சொன்னாள்.

படுகொலை நடந்து பதினொரு நாளில் என்.ஆர்.ஏ.வின் ஆண்டுக் கூட்டம் டென்வரில் கூடியது. வர வேண்டாம் என்று மேயர் கேட்டும், நிகழ்ச்சிகளைச் சுருக்கிக்கொண்டு நடத்தினார்கள். வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் நடுவில் மகனைப் பற்றிய அட்டையோடு டாம் மவுசர் நின்றார். மாநிலப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தவர். ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு சட்டமன்ற வராந்தாக்களில் நடந்தார். மகனின் காலும் தன் காலும் ஒரே அளவு என்பதால், அன்று டேனியல் போட்டிருந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போவார்.

2000ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரில் துப்பாக்கிச் சந்தைகளில் சோதனை கேட்கும் மசோதா தோற்றது. குடியரசுக் கட்சி ஆளுநரே ஆதரித்தும் தோற்றது. (கொலராடோவில் ஆளுநர் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம்மூர் முதல்வர் மாதிரி.) உறுப்பினர்கள் கேட்கவில்லை என்றால் நேராக மக்களிடம் போகலாம் என்று மாநிலச் சட்டத்தில் இன்னொரு வழி உண்டு. கையெழுத்துத் திரட்டி, 22ஆம் எண் கேள்வியாக நவம்பர் வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். 70 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். டேனியல் கேட்ட ஓட்டையில் ஒரு பாதி அடைபட்டது.

இந்த எண்ணில் எனக்கு விளங்காதது ஒன்று உண்டு. நூற்றுக்கு எழுபது பேர் விரும்பிய ஒன்று சட்டமன்றத்தில் எப்படித் தோற்றது? அந்த எழுபதில் பெரும்பாலோர் எழுதுவதில்லை என்பதுதான் விடையாக இருக்க வேண்டும். எதிர்த்த முப்பது பேர் எழுதுவார்கள்.

*

2012 ஜூலை 20 நள்ளிரவில் அரோரா நகரத்துத் திரையரங்கில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். கொலையாளியிடம் நூறு தோட்டா கொள்ளும் மேகசின் இருந்தது. அது நடுவில் சிக்கிக்கொண்டதால் சாவு குறைந்தது. அந்த டிசம்பரில் கனெக்டிகட்டில் ஓர் ஆரம்பப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும். 2013 தொடக்கத்தில் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்த கொலராடோ சட்டமன்றம் இரண்டு முக்கிய மசோதாக்களை எடுத்தது. மேகசினில் 15 தோட்டாவுக்கு மேல் கூடாது, தனியார் விற்பனை உட்பட எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டும்.

அந்த மார்ச் மாதத்தில் எதிர்ப்பாளர்கள் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி காரில் வந்து ஹாரன் அடித்தார்கள். மேலே பதாகை கட்டிய விமானம் பறந்தது. உறுப்பினர்களின் அஞ்சல் பெட்டிகள் நிரம்பி வழிந்தன. அவற்றில் வசைகளும் மிரட்டல்களும் கலந்திருந்தன. செனட்டின் தலைவர் ஜான் மோர்ஸ், முன்னாள் போலீஸ் அதிகாரி, தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், அந்த மின்னஞ்சல்களைப் படிக்க வேண்டாம் என்று தன் கட்சி உறுப்பினர்களிடம் சொன்னதாகச் சொல்லிவிட்டார். வசையிலிருந்து சக உறுப்பினர்களைக் காப்பாற்றத்தான் என்பது அவர் தரப்பு. ஆனால் எதிர்ப்பாளர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

மார்ச் 20 அன்று ஆளுநர் ஹிக்கன்லூப்பர் கையெழுத்திட்டார். எதிர்ப்பாளர்கள் கொலராடோவில் அதுவரை எந்தச் சட்டமன்ற உறுப்பினர் மேலும் வெற்றி பெற்றிராத ஆயுதத்தை எடுத்தார்கள், ரீகால் தேர்தல். ப்யூப்லோ நகரில் ஆஞ்செலா ஹிரோனைத் திருப்பி அழைக்கும் வேலையை முன்னின்று நடத்தியவர் ஓர் இளம் பிளம்பர். நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க் உறுப்பினர்களைக் காப்பாற்ற மூன்றரை லட்சம் டாலர் கொடுத்தார். என்.ஆர்.ஏ.வும் ஏறத்தாழ அதே அளவு இறக்கியது. செப்டம்பர் 10 அன்று இருவரும் பதவி இழந்தார்கள். மோர்ஸ் தோற்றது 350க்கும் குறைவான வாக்குகளில். தன் கடிதங்களைப் படிக்காதவர் என்பது அவர் மேல் கடைசிவரை சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. நவம்பரில் மூன்றாவது உறுப்பினர் ஒருவர், தன் இடத்தைக் கட்சி இழந்துவிடக் கூடாதென்று, ரீகால் வருமுன் தானே ராஜினாமா செய்தார்.

இதைப் படித்தபோது என் மனம் மோர்ஸ் பக்கம்தான் இருந்தது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்த பிளம்பர் பயன்படுத்தியதும் 24ஆம் பிரிவைத்தான். அவரும் யாரிடமும் கெஞ்சவில்லை. மனுவின் உரிமை எனக்குப் பிடித்த மனுக்களுக்கு மட்டுமானது என்றால் அது உரிமையே இல்லை.

மிச்சக் கதையையும் சொல்லிவிட வேண்டும். 2014 நவம்பரில் இரண்டு தொகுதிகளும் ஜனநாயகக் கட்சிக்கே திரும்பின. 15 தோட்டாச் சட்டம் ரத்தாகவில்லை. 13ஆம் பிரிவை அது மீறவில்லை என்று 2020இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவி போனது, சட்டம் நின்றது.

*

அரோரா திரையரங்கில் இறந்தவர்களில் ஒருவர் அலெக்ஸ் சல்லிவன். அன்று அவருக்கு 27ஆவது பிறந்தநாள். அப்பா டாம் சல்லிவன் முப்பது ஆண்டளவில் அமெரிக்க அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். வாழ்நாளெல்லாம் பிறர் கடிதங்களைக் கொண்டுசேர்த்த துறையின் ஆள், மகன் போன பிறகு சட்டமன்றக் குழுக்கள் முன் சாட்சி சொல்ல ஆரம்பித்தார். மகனின் தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வருவார். 2016இல் செனட்டுக்கு நின்று தோற்றார். 2018இல் கீழவைக்கு நின்று ஜெயித்தார்.

2019இல் அவர் முன்னெடுத்த மசோதா, தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் என்று குடும்பத்தாரோ போலீஸோ நீதிமன்றத்தில் காட்டினால் ஒருவரது துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்க வழி செய்தது. 2017 டிசம்பர் 31 அன்று பணியில் சுட்டுக் கொல்லப்பட்ட துணை ஷெரிஃப் ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஒரு குடியரசுக் கட்சி வாக்குகூட இல்லாமல் நிறைவேறி, ஏப்ரல் 12 அன்று சட்டமானது. ஏறத்தாழ பாதிக் கவுண்டிகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. சல்லிவன் மீதும் ரீகால் மனு கிளம்பியது. ஆனால் 2013 திரும்பவில்லை. சில வாரங்களில் அதைக் கைவிட்டார்கள். இம்முறை அவருக்காக எழுதவும் கதவு தட்டவும் ஆட்கள் இருந்தார்கள்.

இதை ஒரு வெற்றிக்கதையாக முடித்துவிட முடியாது. தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்கு போல்டர் நகரம் போட்டிருந்த தடையை, நகரங்கள் தனிச்சட்டம் போட மாநிலச் சட்டம் இடம் தரவில்லை என்று நீதிமன்றம் 2021 மார்ச் 12 அன்று நிறுத்தியது. பத்தே நாளில் அதே நகரத்துப் பல்பொருள் அங்காடியில் பத்துப் பேர் சுடப்பட்டு இறந்தார்கள். அந்தத் தடை இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கொலையாளி வாங்கியது வேறு ஊரில். ஆனால் அந்த ஜூனில் மாநிலம் தன் சட்டத்தை மாற்றி, நகரங்களே கடுமையான விதி போட அனுமதித்தது.

*

2025 ஜனவரியில், இப்போது செனட்டராக இருக்கும் சல்லிவன், கழற்றி மாட்டும் மேகசின் கொண்ட பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுக்கும் மசோதாவோடு வந்தார். அப்போதுதான் என் இரண்டாவது கடிதத்தை எழுதினேன்.

அதற்குள் சில விஷயங்கள் கற்றிருந்தேன். கீழவையில் 65 பேர், செனட்டில் 35 பேர். கீழவை உறுப்பினர் ஒருவருக்கு ஏறத்தாழ தொண்ணூறாயிரம் குடிமக்கள், உதவிக்கு ஒன்றிரண்டு பேர். ஆண்டுக்கு 120 நாள்தான் கூட்டம். 1988இல் மக்கள் வாக்களித்த ஒரு திருத்தத்தின்படி, எந்த மசோதாவையும் குழுவில் போட்டுப் பூட்டிவைக்க முடியாது, விவாதித்து வாக்கெடுத்தே ஆக வேண்டும். ஆகவே கடிதம் எப்போது போக வேண்டும் என்பதற்கு விடை உண்டு, குழு வாக்கெடுப்புக்கு முன். ஒரே வார்ப்பில் வரும் ஆயிரம் மின்னஞ்சல்கள் ஒரு எண்ணாகச் சுருங்கும், டூப்ளிகேட்களை நாங்கள் கழிப்பதுபோல. சொந்த வார்த்தையில் எழுதி, முகவரி போட்டு, மசோதா எண் சொல்லி, வேண்டியதை ஒரே வரியில் கேட்டால் ஒரு மனிதராவது வாசிப்பார்.

எழுதினேன். உங்கள் தொகுதியில் குடியிருக்கிறேன், வரி கட்டுகிறேன், வாக்காளர் இல்லை. என் மகளுக்கு ஐந்து வயதிலேயே கண்ணில் படாமல் உட்காரத் தெரியும். இந்த மசோதாவுக்கு வாக்களியுங்கள். அவ்வளவுதான். வாக்காளர் இல்லை என்ற வரியை எடுத்துவிடும்படி மனைவி சொன்னாள். "அதைப் பார்த்தா அங்கயே கிழிச்சுப் போட்டுருவாங்க." வைத்திருந்தேன். அனுப்பும் முன் அவளே இன்னொரு முறை வாசித்துவிட்டு, தன் பெயரையும் கீழே சேர்க்கச் சொன்னாள்.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் வேட்டைக்குப் போகிறவர். அதே வாரம் அதே உறுப்பினருக்கு, எதிர்த்து எழுதியதாகச் சொன்னார். மதியச் சாப்பாட்டில் இருவரும் கடிதங்களை மாற்றி வாசித்தோம். அவருடையது நன்றாக இருந்தது. பண்ணை வீட்டில் போலீஸ் வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று எழுதியிருந்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மசோதா வந்தபடியே போகவில்லை. ஆளுநரின் தயக்கத்தாலும் எதிர்க் கடிதங்களாலும் திருத்தப்பட்டது. தடைக்குப் பதில், ஷெரிஃபிடம் தகுதி அட்டை பெற்றுப் பயிற்சி வகுப்பு முடித்தவர்கள் வாங்கலாம் என்று ஆனது. ஏப்ரல் 10 அன்று கையெழுத்தானது. நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஆகஸ்ட் 1. நான் கேட்டதும் இல்லை, பக்கத்து இருக்கைக்காரர் கேட்டதும் இல்லை.

எனக்கு உறுப்பினரிடமிருந்து பதில் வந்தது. எழுதியதற்கு நன்றி என்று தொடங்கும் நான்கு வரி, எல்லாருக்கும் போவதுதான். அப்பாவுக்கு வீடியோ காலில் வாசித்துக் காட்டினேன். கடிதத்தை எப்படித் தொடங்கினாய் என்று கேட்டார். உங்கள் தொகுதியில் குடியிருக்கிறேன் என்றுதான் ஆரம்பித்தேன் என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "வணக்கம்கூட போடலையா?" என்றார். பிறகு, "சரி, நகல் ஒண்ணு எடுத்து வச்சுக்கோ. மறுபடி எழுத வேண்டி வரும்" என்றார்.